புருவத்தில் ஒரு பதில்

“டீச்சர், இன்னைக்காவது உங்க வீட்டுக்காரரு வந்துடுவாரா?”

கேட்டவள் அலாசி, மூன்றாம் வகுப்பின் வாயாடி. பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மியாலியின் கை கரும்பலகையிலேயே நின்றது.

“மூடுபனி விலகினா வருவாரு. நீ முதல்ல ஏழெட்டு எவ்வளவுன்னு சொல்லு.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க. பிளேன் தலைக்கு மேல ரெண்டு சுத்து சுத்திட்டுத் திரும்பிப் போயிடுச்சு.”

வகுப்பு சிரித்தது. பதினாறு பேரில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். வடதுருவக் கடலோரத்து அந்த ஊரின் பக்கம் பனிமான் கூட்டம் வந்துவிட்டால் பாதி வகுப்பு வேட்டைக்குப் போய்விடும்.

மியாலியும் சிரித்துவைத்தாள். இரண்டு நாளாக அவள் விமானத் திடலுக்குப் போய்த் தனியாகத் திரும்பியது ஊருக்கே தெரியும். கணவர் ஜோவனாசி இல்லாமல் இரண்டு குளிர்காலத்தைத் தள்ளியவளுக்கு, இந்த இரண்டு நாளைத் தள்ளுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

“அவருக்கு உங்களை அடையாளம் தெரியுமா டீச்சர்?” அலாசி விடுவதாக இல்லை.

“தெரியாம என்ன?”

சொல்லிவிட்டாள். ஆனால் பல நாளாக அவளைத் தூங்கவிடாத கேள்வியே அதுதான்.

“அவரு நிறையப் பேசுவாரா?”

“அவரா? பேச்சே கிடையாது. ஆமான்னு சொல்ல நாம எல்லாரும்தான் புருவத்தைத் தூக்குவோம். அவருக்கு எல்லாத்துக்குமே அது ஒண்ணுதான். என்னைக் கட்டிக்கிறியான்னு நான் கேட்டப்பகூடப் புருவம்தான் மேல போச்சு.”

ஒன்பது ஜோடிப் புருவங்கள் ஒரே நேரத்தில் மேலே போயின. பாடம் அதோடு முடிந்தது.

மதியம் போன் வந்தது. ஜோவனாசியின் தங்கை லேயா. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றரை மாதமாக அங்கேயே இருந்தாள்.

“அண்ணி, கிளம்பிட்டோம். அண்ணன் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடலை. உங்க ஞாபகம் போல.”

“உடம்பு எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, நல்லா இருக்காரு. முடிதான் கொஞ்சம் கம்மி.”

பள்ளி விட்டதும் மியாலி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். உள்ளே, ஜோவனாசியின் பழைய பூட்ஸைப் பிரித்து அதே கடல்நாய்த் தோலில் அவள் புதிதாகத் தைத்த ஜோடி இருந்தது. இரண்டு வாரத் தையல்.

திடலைப் பார்த்துக்கொள்ளும் பௌலூசி அவளைக் கண்டதும், “இன்னைக்கும் வரலைன்னா இங்கேயே ஒரு கட்டில் போட்டுடறேன் டீச்சர்” என்றான்.

“போடு. காலையில டீயும் கொடுத்துடு.”

அவன் பதில் சொல்வதற்குள் சத்தம் கேட்டது. மூடுபனியைக் கிழித்துக்கொண்டு விமானம் இறங்கியது.

முதலில் நர்ஸ் இறங்கினாள். அடுத்து, கருவிப் பெட்டியோடு ஒரு மெக்கானிக். கடைசியாக லேயா. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

மியாலி பையை மார்போடு அணைத்தபடி வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன அண்ணி, அங்கே யாரைத் தேடறீங்க?” லேயா சிரித்துக்கொண்டே அருகில் வந்து, திரும்பி, முதுகைக் காட்டினாள்.

பிள்ளையை முதுகில் சுமப்பதற்கென்றே தைத்த அவளுடைய அங்கியின் பெரிய தலைமூடிக்குள், பதினெட்டு நாள் முன்பு பிறந்த அவள் மகன் கண் விழித்துக் கிடந்தான். கடல்பனி உடைந்து ஜோவனாசியைக் கொண்டுபோன பிறகு அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் பிள்ளை. அவனுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். பெயர் வந்துவிட்டால் போனவரே வந்த மாதிரிதான். அதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

மியாலி பையிலிருந்து கட்டைவிரல் நீளமே இருந்த பூட்ஸை எடுத்து அவன் முகத்துக்கு எதிரே பிடித்தாள்.

“என்னைத் தெரியுதா?”

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார்; பிறகு இரண்டு புருவங்களையும் மேலே தூக்கினார்.