டமுக்கியின் வாய்

டமுக்கியின் வாயைத் தைத்திருந்தார்கள்.

சந்தோஷ்குமார் செல்போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். உதட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சிவப்பு நூல் தையல். சற்றுத் தள்ளிப் பார்த்தால் ரத்தம்போலவே இருந்தது.

டமுக்கி, காஞ்சிபுரம் லோக்கல் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் கைப்பொம்மை. சரியான வாயாடி. பக்கத்தில் நிற்கும் ஆட்டுப் பொம்மையை ஒரு வார்த்தை பேச விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் ஆடி மாதத்திலிருந்து பேசுவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு கைகளையும் என்னென்னவோ மாதிரி ஆட்டினாள். ஆடு திருதிருவென்று முழித்தது.

ஊர் சும்மா இருக்குமா?

குரல் கொடுத்த பெண் செத்துப்போய்விட்டாள் என்றார்கள். பொம்மை தானாகவே ஆட ஆரம்பித்துவிட்டதாம் என்றார்கள். அந்தக் கையாட்டல் செய்வினை என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

சந்தோஷ்குமார் இது அத்தனையையும் வாரிக்கட்டி, அடியில் பயங்கரமாக ஒரு மியூசிக் போட்டு, தன் யூடியூப் சேனலில் ஏற்றிவிட்டான். தைத்த வாய்க்கு மேலே கொட்டை எழுத்தில் மஞ்சளாக ஒரு வரி: 'பேசக்கூடாததைப் பேசினாள். வாயைத் தைத்துவிட்டார்கள்.'

வீடியோ பற்றிக்கொண்டது. பிள்ளைகள் தூக்கத்தில் அலறுவதாக அம்மாக்கள் கேபிள் ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டார்கள். போன ஞாயிறோடு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் பாகம் எடுக்க, ஊரை ஒட்டிய ஓரிக்கையில் கமலாட்சி வீட்டு வாசலில் வந்து நின்றான். நர்சரி பள்ளி டீச்சர். டமுக்கியைக் கையில் மாட்டி ஆட்டுபவள் அவள்தான்.

"அந்த வீடியோ போட்டது நீதானேபா? செருப்ப வெளிய வுட்டுட்டு வா" என்றாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்தவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"டமுக்கிக்குக் குரல் குடுத்தது யாரு டீச்சர்?"

"செத்துப்போனவதானே? நான்தான். உக்காரு."

அசடு வழிந்தது அவனுக்கு. ஆனாலும் விடவில்லை.

"வாய தெச்சது?"

"அதுவும் நான்தான்."

கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறாளே என்று அவனுக்குத் திக்கென்றது. அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஆட்டுப் பொம்மையை எடுத்து வந்து நீட்டினாள்.

"போன கீழ வச்சிட்டு இதுக்குள்ள கைய வுடு. பேச வை."

விட்டான். விரல்களை மடக்கி விரித்தான். ஆடு வாயைத் திறந்து மூடியது.

"இப்ப அத ரெண்டு கையாலயும் சைகை பண்ண வை."

"எப்டி டீச்சர்? என் கை ஒண்ணு வாயில மாட்டிக்கினு இருக்குதே."

"அதான்பா சங்கதி. டமுக்கி ரெண்டு கையாலயும் பேசணும்னா, என் கைய அவ வாய்லேருந்து எடுத்தாவணும். எடுத்தா வாய் 'ஆ'ன்னு தொங்குது. பாக்க நல்லாவா இருக்குது? நாலு தையல் போட்டேன். பொடவைக்குக் குஞ்சம் கட்டி மீந்த பட்டு நூல்தான் வீட்ல கெடந்துச்சு, அது செவப்பு. அதுக்கு நான் என்னா பண்றது?"

"எதுக்குக் கையால பேசணும்?"

கமலாட்சி பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

"துளசின்னு ஒரு கொழந்த. காது கேக்காது, பேச்சும் வரல. ஞாயித்துக்கெழம தெருப் புள்ளைங்க எல்லாம் இங்க வந்துதான் டிவியில டமுக்கிய பாக்கும். எல்லாம் சிரிக்கும். துளசி மட்டும் மத்ததுங்க மூஞ்சியப் பாத்துட்டு, அப்புறமா சிரிக்கும். எனக்குப் பொறுக்கல. அது ஸ்கூல்ல கத்துக்கற சைகைய நானும் கத்துக்கினேன். டமுக்கி கையால பேசின அன்னிக்கிதான்பா அது மத்ததுங்களுக்கு முன்னாடி சிரிச்சுது. மத்த புள்ளைங்க எல்லாம் அதுகிட்ட ஓடிப்போயி, டமுக்கி என்னா சொன்னான்னு கேட்டுச்சுங்க."

சந்தோஷ்குமார் ஆட்டுப் பொம்மையைக் கழற்றி மடியில் வைத்தான்.

"இத டிவியிலயே சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொன்னா எல்லாரும் அத ஐயோ பாவம்னு பாப்பாங்க. டமுக்கி பேசறது அதுக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்துச்சு. அப்டியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அவன் சுதாரித்துக்கொண்டான். மறுபடி போனைக் கையில் எடுத்தான்.

"கவலைய வுடுங்க டீச்சர். இப்ப சொன்னத அப்டியே பார்ட் டூ போட்டுடறேன். ஊரே உங்களக் கொண்டாடும். நிகழ்ச்சியும் திரும்ப வந்துடும், எல்லாம் சரியாப்பூடும்."

அப்போதுதான் துளசி உள்ளே வந்தாள். எட்டு வயது இருக்கும். நேராக அலமாரிக்குப் போய் டமுக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்புத் தையல்மேல் விரலை ஓட்டினாள். பிறகு அதே விரலைத் தன் உதட்டில் வைத்துக் கமலாட்சியைப் பார்த்துக் கைகளை அசைத்தாள்.

சந்தோஷ்குமார் சிரித்தபடி போனை அவள் பக்கம் திருப்பினான்.

"பாப்பா என்னா சொல்லுது டீச்சர்? தேங்க்ஸா?"

கமலாட்சி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"உன் வீடியோவ யாரோ இதுக்குக் காட்டிட்டாங்க. மஞ்ச எழுத்துல போட்டிருந்தியே, அதப் படிச்சிருக்குது. ஒரு வாரமா இதையேதான் கேட்டுக்கினு இருக்குது. 'டமுக்கி பேசக்கூடாதத பேசினா, வாய தெச்சிட்டாங்க. நான் என்னா பேசினேன், என் வாயையும் தெச்சிட்டாங்க?'ன்னு."