இடப்பக்கம் திரும்பினால்

தம்போய் ஊரில் இருந்த வண்டிப் பட்டறைக்கு அழகு தன் பழைய பிக்கப் வண்டியை மறுபடியும் கொண்டுவந்தார்.

"போன வாரம் நீ பார்த்த வயரிங் சரியில்ல, வசந்தா."

மெக்கானிக் வசந்தன் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினான். ஹார்ன் தானாக அலறவில்லை. மீட்டரில் எப்போதும் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது.

"எல்லாம் ஓகே லா, அங்கிள். இப்ப என்ன ப்ராப்ளம்?"

"பழையபடியே ஆக்கிடு."

"அலமாக்! இடப்பக்கம் திரும்பினாலே கத்துதுன்னு நீங்கதானே கொண்டுவந்தீங்க?"

"ஆமா. வீட்டுக்குத் திரும்புற முக்குல ஹார்ன் அடிச்சதும், மூலை வீட்டம்மா தினமும் வெளிய வந்து என்னைத் திட்டும்."

"இப்பத் திட்டு இல்லைல? நிம்மதிதானே?"

அழகு சாவியை அவன் கையில் வைத்தார்.

"ஒரு வாரமாச்சுப்பா. வீட்டுப் பக்கம் என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசல."