பத்தாவது எலி

“பாம்புக்கு ஆளத் தெரியுமா?”

முதல் நாள் ரஸ் கேட்ட கேள்வி இதுதான். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயிலை ஓட்டுகிறவர், ஐம்பத்தைந்து வயது. தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டியபடி, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளை மாதிரி கொட்டகை வாசலில் நின்று கேட்டார்.

“தெரியாது. சூடு தெரியும்,” என்றாள் நொயலீன்.

ஓயாத மழைக்குப் பேர்போன டல்லி ஊரில், அந்தத் தகரக் கொட்டகையில் இருபது வருடமாக அவள், வீட்டில் வளர்க்கக் கேட்பவர்களுக்கு மலைப்பாம்புக் குட்டிகள் வளர்த்துக் கொடுக்கிறாள். அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. பத்து எலி தின்னாத குட்டி வாசலைத் தாண்டாது. பத்தாவது எலியை, குட்டியைக் கொண்டுபோகிறவரே கண்ணால் பார்த்து, நோட்டில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் குட்டி கிடைக்கும்.

ரஸ் தேர்ந்தெடுத்த குட்டி கறுப்பும் மஞ்சளுமாகச் சுண்டுவிரல் பருமனில் இருந்தது. அதுவரை ஆறு எலி தின்றிருந்தது.

ஏழு, எட்டு, ஒன்பது. சனிக்கிழமைக்கு ஒன்றாக அவர் கண்ணெதிரிலேயே உள்ளே போயின.

அதோடு சரி. நான்கு சனிக்கிழமைகளாக, இடுக்கியில் எலியை நீட்டினால் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“முறைச்சுப் பாத்தா எப்படித் தின்னும்? அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க,” என்றாள்.

இரண்டு பேரும் குட்டிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். சுவரில் ஒரு டிராக்டர் காலண்டர் தவிர எதுவும் இல்லை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூடிக்கு ஒரு கொக்கி போதாது, இரண்டு போட வேண்டும். மூக்காலேயே நெம்பித் திறந்துவிடும். தின்றபின் இரண்டு நாள் தொடக் கூடாது, கக்கிவிடும். காணாமல் போனால் முதலில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு எலி போதும். வயிறு நிறைந்த குட்டி இன்னொன்றை ஏறெடுத்தும் பார்க்காது.

ஒருமுறை அவர் நீலக் கோப்பையை எடுத்துத் தேநீர் ஊற்றப் போனார்.

“ஐயோ, அது எலி கப்பு! உறைஞ்ச எலிய அதுலதான் வெந்நீர் ஊத்தி இளக்குவேன்.”

“போன வாரம் இதுலதான குடிச்சேன்?”

“அதான் பாத்தேன், பூனை ஒண்ணு உங்க வண்டிக்குப் பின்னாடியே ஓடிச்சு.”

அவர் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது.

முதல் வாரம் கடை பிஸ்கட்தான் வைத்தாள். இப்போது அடுப்பில் சுட்ட ஸ்கோன் ரொட்டியும், அவளே கிண்டிய மாம்பழ ஜாமும்.

“பழைய அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு குட்டிக்கு வீடு கட்டிட்டேன்,” என்றார் போன சனிக்கிழமை. “விளக்கு எரியுது. முப்பத்திரண்டு டிகிரி காட்டுது. உள்ள ஆள்தான் இல்ல. இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன், அப்புறம் நானே போய்ப் படுத்துக்குவேன்.”

அவர் போனபின் இரண்டு கோப்பைகளையும் கழுவிவிட்டு நொயலீன் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். குட்டி போய்விட்டால் இந்த மனுஷன் இங்கே எதற்கு வரப்போகிறார்?

இன்று காலை பெட்டியைத் திறந்ததும் அவளுக்குத் திக்கென்றது. உரித்த சட்டை மூலையில் முழுசாகக் கிடந்தது. தோல் உரித்த குட்டிக்கு அகோரப் பசி எடுக்கும்.

ரஸ் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் ஒரு தலையணை உறை. குட்டியை அதில் போட்டுக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு வாரமும் கொண்டுவந்து, ஒவ்வொரு வாரமும் மடித்துத் திரும்ப எடுத்துப்போனது.

“இன்னிக்கும் தின்னாதுன்னுதான் தோணுது,” என்றபடி இடுக்கியை நீட்டினாள்.

திரும்பி உட்காரக்கூட நேரமில்லை. குட்டி பாய்ந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியது.

“பிடிச்சிடுச்சு! நொயலீன், பிடிச்சிடுச்சு!” ரஸ் நின்ற இடத்திலேயே குதித்தார்.

கடைசியாக வால் நுனியும் நூடுல்ஸ் மாதிரி உள்ளே போனது. குட்டியின் நடுவில் ஒரு சின்ன மேடு.

“நோட்ட எடுங்க,” என்றார்.

“நானே எழுதிடறேன். நீங்க ஸ்கோன் சாப்பிடுங்க, ஆறுது.”

“சட்டம் போட்டது யாரு? நான்தான எழுதணும்!”

அவர் நல்ல உயரம். அவள் எழுந்திருப்பதற்குள் அலமாரியின் மேல்தட்டிலிருந்த நோட்டு அவர் கையில் இருந்தது.

நொயலீனுக்கு வாயில் எந்தப் பொய்யும் வரும். அந்த நோட்டில் மட்டும் இருபது வருடத்தில் ஒன்றுகூட எழுத வந்ததில்லை.

அவர் பக்கத்தைக் கண்டுபிடித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

ஒன்பது: சனி, தின்றது. பத்து: புதன், தின்றது. பதினொன்று: புதன், தின்றது. பன்னிரண்டு, பதின்மூன்று: புதன், புதன். அதற்குக் கீழே: இந்தப் புதன், தின்னவில்லை, தோல் உரிக்கப் போகிறது.

விரல் அங்கேயே நின்றது. நொயலீன் டிராக்டர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சுட்டன.

பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது.

ரஸ் நோட்டை அவள் மடியில் விரித்து வைத்தார். கடைசி வரிக்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில் இன்றைய தேதி இருந்தது. பக்கத்தில்: சனி, தின்னவில்லை. அதன் கீழ் கையெழுத்து.

பெட்டிக்குள் குட்டி வயிற்று மேட்டோடு விளக்கடியில் சுருண்டுகொண்டது.

அவர் தலையணை உறையை மடிக்கவில்லை. வாசலோர ஆணியில் மாட்டிவைத்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, தட்டிலிருந்து இன்னொரு ஸ்கோனை எடுத்துக்கொண்டு, மழைக்குள் இறங்கிப் போனார்.