ஜன்னல் அண்ணன்

"பயப்படாம அழுத்து தம்பி. கை நடுங்கக் கூடாது. ஒரே மூச்சுல மேலேர்ந்து கீழே இழுத்துடணும்."

அவன் பயப்படாமல்தான் அழுத்தினான். சிலிக்கான் பசை சட்டத்தின் இடுக்கில் போவதை விட்டுவிட்டு, குழாயின் பின்பக்கமாகப் பிதுங்கி அவன் மணிக்கட்டில் வழிந்தது. வினிகர் நாற்றம் மூக்கைத் துளைத்தது. "சீ!" என்று உதறினான். உதறியது போய்க் கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

"அவ்வளவுதான் தம்பி. ரொம்ப சுலபம்" என்றது குரல்.

"உனக்கென்ன, சொல்லுவே" என்று ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்த செல்போனை முறைத்தான்.

வீடியோவில் இந்த 'ஜன்னல் அண்ணன்' முகத்தைக் காட்டுவதே இல்லை. இரண்டு கைகளும் ஒரு குரலும்தான். ஆனால் அவர் வேலை செய்து காட்டும் ஜன்னல், அச்சு அசல் இவன் வீட்டு ஜன்னல் மாதிரியே இருக்கும். அதே மங்கிய பச்சைச் சட்டம், அதே வளைந்த கொக்கி. தனக்காகவே எடுத்த வீடியோ என்று நினைத்துத்தான் முதல் நாளே சரணாகதி அடைந்திருந்தான்.

போதாக்குறைக்கு அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். "அரை மில்லிமீட்டர் பிசகாம லென்ஸ் தேய்க்கிறவன் நான். ஜன்னல் எம்மாத்திரம்? ரிப்பேர்காரன் எதுக்கு?" என்று, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த மனைவியிடம் போனில் சவடால் விட்டிருந்தான்.

முதல் ஞாயிறு ரப்பர் பட்டையை மாற்றினான். மழை வந்தது, ஒழுகியது. இரண்டாவது ஞாயிறு புதுக் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தான். சட்டத்தின் அளவுக்கே, இம்மி இடைவெளி விடாமல் வெட்டச் சொன்ன கண்ணாடி உள்ளே நுழைய மறுத்தது. ஒரு தட்டு தட்டியதும் இரண்டாகப் போனது. மறுபடி வெட்டி மாட்டினான். மழை வந்தது, ஒழுகியது. அண்ணன் மட்டும் அசரவில்லை. வாரா வாரம் ஒரு புது வைத்தியத்தோடு வந்து நின்றார்.

இன்று மூன்றாவது ஞாயிறு. ஜன்னலுக்கு மேலே சுவரில் பெயிண்ட் கொப்புளமாக உப்பியிருந்தது. கீழே, தொட்டில் போட வேண்டிய மூலையில், கன்னங்கரேலென்று பூஞ்சை. காலையில் துணியால் துடைத்தபோது அது சளி மாதிரி கையோடு வந்தது. ஊறிப்போன சாக்ஸ் நாற்றம். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தக் கையால் சாப்பிட மனம் வரவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"சுவர் காய்ஞ்சிடுச்சா?"

"காய்ஞ்ச மாதிரிதான்..."

"மாதிரியெல்லாம் வேண்டாங்க. பிள்ளைக்கு ஏற்கெனவே நெஞ்சுல சளி. ஈரம் ஆகவே ஆகாதுன்னுட்டாரு டாக்டர். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சரியாச்சுன்னா, அப்பா நாளைக்குக் காலையில கார்ல கொண்டாந்து விடறேங்கறாரு. இல்லேன்னா மழைக்காலம் முடிஞ்சு பார்த்துக்கலாம்."

"அதுக்குள்ள அவ தவழவே ஆரம்பிச்சிடுவா!" என்று கத்தினான். பிறந்த அன்று ஒரே ஒரு முறை மகளைத் தூக்கியதோடு சரி. ஐம்பது நாளாகப் போன் திரையில்தான் தகப்பன்.

"அதுக்குத்தான் முதல்லயே சொன்னேன், ஒரு ஆளைக் கூப்பிடுங்கன்னு" என்று மனைவி போனை வைத்தாள்.

வைத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது.

மூச்சுவிடாமல் ஜன்னலையே பார்த்தான். பசை போட்ட இடுக்குகளில் பொட்டு ஈரம் இல்லை. 'ஜெயிச்சுட்டோம்டா!' என்று மனசுக்குள் துள்ளினான். அந்த நேரம் பார்த்து, மேலே உப்பியிருந்த பெயிண்ட் கொப்புளம் பொளக்கென்று உடைந்து, பழுப்புத் தண்ணீர் அவன் தலையிலேயே கொட்டியது. சுண்ணாம்புக் கலங்கல் வாயோரம் வழிந்ததும் தூ தூ என்று துப்பினான்.

அப்போதுதான் அவன் மரமண்டைக்கு உறைத்தது. ஒழுகுவது தன் ஜன்னலே இல்லை. அதற்கு நேர் மேலே இருக்கும் மாடி வீட்டு ஜன்னல். அங்கே ஒழுகும் தண்ணீர்தான் சுவருக்குள்ளேயே இறங்கி இங்கே வருகிறது.

மாடி வீட்டுக்கு ஆள் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. அவன் முகம்கூடப் பார்த்ததில்லை. "சொந்த ஜன்னலைப் பார்த்துக்கத் துப்பில்லாத ஜென்மம்! எம் பொண்ணை வீட்டுக்கு வரவிடாம பண்ணிட்டு, மேலே உட்கார்ந்து வேடிக்கையா பார்க்கறே?" தலை சொட்டச் சொட்ட, கையில் பசை பீய்ச்சும் சிலிக்கான் கன்னோடு, இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நாலு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டான்.

கதவைத் தட்டக் கை ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே ஒரு குரல் அலறிக்கொண்டிருந்தது. "இந்த வாளியும் நிறைஞ்சு போச்சு! அந்தத் துண்டைக் கொண்டா, சீக்கிரம்!"

மூன்று வாரமாக அவன் காதுக்குள்ளேயே குடியிருந்த குரல்.

கதவு திறந்தது. பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் வாளியோடு ஒருவர் நின்றார். பின்னால் தரையெல்லாம் தண்ணீர். ஒழுகும் ஜன்னலைப் பார்த்தபடி, ஸ்டாண்டில் ஒரு செல்போன்.

அவர் இவன் தலையில் அப்பியிருந்த சுண்ணாம்பையும் கையிலிருந்த சிலிக்கான் கன்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"ரிப்பேர்காரரா? தெய்வம் மாதிரி வந்தீங்கண்ணே... எனக்கு இந்த ஜன்னல் வேலை சுத்தமா வராது!"