கோட்டுக்கு முன்னால் ஒருவர்

கடைசி மேசையருகே கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான்.

அவள் கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். அவனேதான். சௌந்தரபாண்டி. மடிப்புக் கலையாத அதே வெள்ளைச் சட்டை. கையில் அதே பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி.

புதிதாகச் சேர்ந்திருக்கிறார் என்று அருளப்பன் சார் சொன்னார். சார் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். இந்தத் துப்பாக்கி கிளப்பில் அவர் வைத்ததுதான் சட்டம்.

புதிதாம்.

மீசை முளைக்கும் முன்பே சிறுமலையில் பன்றி சுட்டவன்.

இவனுக்குப் பயந்துதானே அவள் துப்பாக்கியே வாங்கினாள். லைசென்ஸ் மனுவில் காட்டுப்பன்றித் தொல்லை என்று எழுதியிருந்தாள். பன்றிக்கெல்லாம் அவள் பயப்படுகிறவள் இல்லை.

கணவனின் காரியம் முடிந்த கையோடு, மலைத் தோட்டத்தைத் தன் பேருக்கு எழுதிக் கேட்டான். மாட்டேன் என்றாள். கொஞ்ச நாளில் அவள் நாய் கேட்டருகே செத்துக் கிடந்தது.

அதற்குத் துக்கம் கேட்கவும் அவனே வந்தான்.

"தனியா இருக்கீங்க மதினி. எதுக்கும் பாத்து இருந்துக்கங்க."

ஸ்டேஷனில் சொல்லிப் பார்த்தாள். சொந்தக் கொழுந்தன் அக்கறையாகச் சொன்னதற்கெல்லாம் புகாரா என்று சிரித்தார்கள்.

முதலில் போன கடையில், சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்து அப்படியே நீட்டினான் கடைக்காரன். குழல் அவள் நெஞ்சைப் பார்த்தது. அன்று மாலையே சௌந்தரபாண்டி போன் போட்டு, வேட்டைக்குக் கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டான். அந்தக் கடைக்காரன் வாய் அப்படி.

அப்புறம்தான் மதுரைக்கு வந்தாள்.

மதுரைக் கடைக்காரர் துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்தார். இரண்டு குழலும் காலிதானா என்று அவளையே பார்க்கச் சொன்னார். விரலை விட்டும் பார்க்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் கையில் கொடுத்தார். அங்கேயே வாங்கினாள்.

எந்த கிளப்பில் சேரலாம் என்று அவரிடமே கேட்டாள்.

"எங்க அதட்டுறாங்களோ அங்க சேருங்கம்மா."

ஒரு கிளப்பில் துப்பாக்கிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் ஒரு டீ தந்தார்கள். இன்னொன்றில் எல்லாரும் அவளை மேடம், மேடம் என்றார்கள். இங்கேதான், தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக இருந்த ஒரு பெரிய மனிதரை அருளப்பன் சார் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பாவம், அவர் மேசையிலிருந்த துப்பாக்கியைத் தொட்டுத்தான் பார்த்தார். தொட்ட நேரம் தப்பு.

சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டுக்கு முன்னால் ஒருவர் இருக்கும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. எல்லாம் மேசையில் திறந்து கிடக்க வேண்டும். இதுதான் இங்கே முதல் பாடம்.

அவளுக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது. சேர்ந்துவிட்டாள்.

இப்போது அவனும்.

விசில் கேட்டது. அவள் முறை. தோட்டாக்களைப் போட்டு மூடினாள். டக் என்றது. சுட்டாள். தோள் வலித்தது. சல்லிக் குண்டுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று தூரத்து இலக்கு அட்டையில் போய்ப் பார்க்க வேண்டும்.

மறுபடியும் விசில். துப்பாக்கிகள் எல்லாம் மேசைக்குப் போயின. போங்க என்று கை காட்டினார் அருளப்பன் சார்.

அவள் நடந்தாள்.

முதுகு முழுக்கக் கண் முளைத்துவிட்டது போலிருந்தது. ஒன்றும் ஆகாது, இத்தனை பேர் இருக்கிறார்கள், சட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

அட்டையில் கை வைத்தாள்.

பின்னால், டக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். திறந்து கிடந்த துப்பாக்கியை யாரோ மூடுகிற சத்தம்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அட்டையிலிருந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அருளப்பன் சாரின் குரல் மைதானமே அதிரக் கேட்டது.

அவள் திரும்பியபோது கொழுந்தன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியிருந்தார். மடக்கித் திறந்தார். தோட்டா ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

புதிய ஆள், தெரியாமல் செய்திருப்பார் என்றார் தங்கச் சங்கிலிக்காரர்.

"பழக்கமில்ல சார், மன்னிச்சுக்கங்க," என்றான் சௌந்தரபாண்டி. அவளைப் பார்த்து, பயந்துட்டீங்களா மதினி என்றும் கேட்டான்.

அவள் கோட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள்.

இனி இந்தப் பக்கமே வரக்கூடாது, உன் இலக்கு அட்டையைக் கழற்றிக்கொண்டு நடையைக் கட்டு என்றார் அருளப்பன் சார். விசில் ஊதினார்.

அட்டையை எடுக்க அவன் கோட்டைத் தாண்டி நடந்தான்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி அவளைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் பார்த்தான்.

அவளுடைய துப்பாக்கி எதிரே மேசையில் திறந்து கிடந்தது. பக்கத்திலேயே தோட்டாப் பெட்டி.

அருளப்பன் சார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒன்றை ஒன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

யாராவது தன்னை ஒரு அதட்டு அதட்டினால் தேவலை என்றிருந்தது.