நாலாவது எண்ணிக்கை

தேர்வுக் குழுவில் 'கத்தரிக்கோல்' என்று பட்டப்பெயர் வாங்கிய பேராசிரியரும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதுமே, இந்தத் தடவையும் அவ்வளவுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவர் கையில் சிக்கிய ஆராய்ச்சி முழுசாகத் திரும்பியதில்லை.

அவள் இசையியல் துறையில் இணைப் பேராசிரியை. பாட்டுக்கு நடுவே வரும் மௌனங்களை எண்ணி எண்ணியே இருபது வருஷம் ஓட்டியவள். மாணவர்கள் வைத்த பெயர் 'உஷ் மேடம்'. பேராசிரியர் பதவிக்கு இது மூன்றாவது நேர்முகம். இதுவும் போனால் கடைசிவரை 'இணை'தான்.

"ஆராய்ச்சியைப் பத்திக் கேட்டா பேசாம உட்கார்ந்திரு. அதுதானே உன் சப்ஜெக்ட்," என்று காலையில் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். அப்போது சிரிப்பு வந்தது.

உள்ளே தலைவர் தேனாகக் குழைந்தார். உட்காருங்கம்மா, தண்ணி குடிங்கம்மா, உங்க புத்தகம் பிரமாதம்மா. அதைப் படித்த முகமாகத் தெரியவில்லை.

கத்தரிக்கோல் படித்திருந்தார். அவர் முன்னால் இருந்த புத்தகம் ஒரு துண்டுச் சீட்டை நாக்காக நீட்டிக்கொண்டிருந்தது.

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். பாடினவர் பேர்கூட அழிஞ்சுபோன ஒரு பழைய கேசட். கடைசி வரிக்கு முன்னாடி நாலு எண்ணிக்கை மௌனம்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பாட்டுல எல்லாரும் மூணுதானே விடறாங்க?"

புத்தகம் வந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக இந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

தலைவரே கை கொடுத்தார். "அச்சுப்பிழையா இருக்கும். இல்லையாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலை பாதி தூரம் ஆடியும் விட்டது.

"இல்ல சார். நான் எண்ணினதுதான் தப்பா இருக்கணும். திரும்பக் கேட்டுப் பார்க்கலாம்னா கேசட் அறுந்துபோச்சு. மத்த பதிவு எல்லாத்துலயும் மூணுதான்."

கத்தரிக்கோல் புத்தகத்தை மூடினார். நீங்க போகலாம் என்றார்.

வராந்தா பெஞ்சில் வந்து விழுந்தவள், வீட்டுக்காரருக்கு 'போச்சு' என்று ஒரே வார்த்தை தட்டி அனுப்பினாள்.

அரை மணி கழித்து, உள்ளே மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த கிளார்க் அம்மா வெளியே வந்தார். முகமெல்லாம் பல்.

"உங்களுக்குத்தான் மேடம். தப்பை ஒத்துக்கிட்டவங்களுக்கு எப்படிக் கொடுக்கறதுன்னு தலைவர்தான் குதிச்சார். அதுக்குக் கத்தரிக்கோல் என்ன சொன்னார் தெரியுமா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு, கத்தரிக்கோலின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்:

"'அவங்க சரியாத்தான் எண்ணியிருக்காங்க. நாலேதான். அந்தக் கேசட்டுல பாடினவன் நான். நாலாவது, நான் இருமலை முழுங்கினது.'"