மூன்றாவது மாடி ஜன்னல்

மல்லிகாவின் ஃபிளாட் கூடத்தில் மாட்டியிருக்கும், கல்லச்சில் எடுத்த லித்தோகிராஃப் படம், மகன் நிர்மல் டூரினிலிருந்து வாங்கி அனுப்பியது. யாரோ ஓர் இத்தாலிய ஓவியர் வரைந்த தெரு. கட்டடங்களைச் செங்கல் செங்கலாக வரைந்தவர், மனிதர்களை மட்டும் மழையில் கரைந்த மை போல விட்டுவிட்டார். அந்தத் தெருவில்தான் நிர்மல் குடியிருக்கிறான். மூன்றாவது மாடியில் மிளகளவு தெரியும் ஜன்னல் அவனுடையது.

ஆயுத பூஜையன்று மல்லிகா மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஸ்கூட்டருக்கு ஜெண்டு என்கிற துலுக்கச் சாமந்தி மாலையும் போட்டாள். விரலில் மிஞ்சியிருந்ததைப் படத்தின் கண்ணாடியில், அந்த ஜன்னல்மேல் வைத்தாள்.

"படத்துக்குமா?" என்றார் கணவர் ஸ்ரீநிவாசன்.

"குழந்தை தனியா இருக்கான். இருக்கட்டுமே."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நிர்மல் ஃபோன் செய்தான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"ரூமே சிவப்பா இருக்கும்மா. ஜன்னல் முழுக்க வெளிப்பக்கம் ஏதோ அப்பியிருக்கு. சந்தன வாசனை வருது. பெரிசு பெரிசா விரல் ரேகை, நடுவுல குறுக்க ஒரு தழும்பு."

மல்லிகா தன் மோதிர விரலைப் பார்த்தாள். அரிவாள்மணை வெட்டிய தழும்பு, அவன் பிறந்த வருஷத்தது.

"காப்பி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே ஈரப் பஞ்சால் படத்தின் கண்ணாடியை மெல்லத் துடைத்தாள்.



"வெளிச்சம் வருதும்மா," என்றான் நிர்மல். "ஓரத்துல கொஞ்சம் விட்டு வை."